வெயிலில் காய்ந்த பிண்ணாக்கும் பாலில் இறங்கும் நஞ்சும்

வாசகர் கேள்வி: எட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். தொடர்மழையில் கூரை ஒழுகி, அடுக்கி வைத்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு மூட்டைகள் நனைந்துவிட்டன. மேலே பச்சையாகப் பூத்திருந்ததை அள்ளிக் கொட்டிவிட்டு, மீதியை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத்தான் போட்டேன். பத்து நாளில் எட்டு மாட்டிலும் பால் கால்பங்கு குறைந்துவிட்டது. மாடுகள் தொட்டியை மோந்து பார்த்துவிட்டு நிற்கின்றன. ஈன்று ஒரு மாதம் ஆன பசுவுக்குச் சாணி இளகிப் போகிறது. போன வாரம் ஏழு மாதச் சினைப்பசு ஒன்று குறைமாதத்திலேயே கன்று வீசிவிட்டது. எல்லாம் பூஞ்சை நஞ்சுதான் என்கிறார்கள். நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்று தீவனத்தில் கலக்கிறார்களே, அந்த டாக்சின் பைண்டர் போட்டால் சரியாகிவிடுமா? மிச்சமிருக்கும் மூட்டைகளைக் கோழிக்காவது போடலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இந்தப் பாலைத்தான் குடிக்கிறது. காய்ச்சித்தான் கொடுக்கிறோம். பயப்பட வேண்டுமா?

நண்பருக்கு வணக்கம்.

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு இந்தப் பாலை இன்றோடு நிறுத்துங்கள். காய்ச்சினால் போகாது. தயிராக்கினாலும் போகாது. பாலைத் திரித்துக் கட்டியாக்கினால் கிலோவுக்கு இன்னும் கூடுதலாகச் சேரும், ஏனென்றால் இந்த நஞ்சு பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் வேறு பால் வாங்கிக் கொடுங்கள். பயந்து நடுங்க வேண்டியதில்லை. இது ஒரு வேளை குடித்ததும் மயக்கம் போடவைக்கும் விஷம் இல்லை. வருடக்கணக்கில் சிறுகச் சிறுகப் போனால் ஈரலைக் கெடுக்கிற சங்கதி. ஆனால் குழந்தைக்கு உடம்பு எடை குறைவு, குடிப்பதோ பெரும்பாலும் பால். அதனால் அங்கே சமரசம் வேண்டாம்.

அடுத்தது, அந்தப் பிண்ணாக்கை நிறுத்துவது. இன்று மாலைத் தீவனத்திலிருந்தே. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எட்டு மாட்டின் பாலையும் கலந்து அதிலிருந்து அரை லிட்டர் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பலரும் தீவனத்தை மாற்றிவிட்டு நாலு நாள் கழித்து ஆய்வகத்துக்குப் பால் கொண்டு போவார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வரும். அதற்குள் எல்லாம் வடிந்திருக்கும். அந்த அரை லிட்டர்தான் உங்கள் சாட்சி.

சரி, வெயிலில் காயவைத்தும் ஏன் இப்படி ஆனது?

பூஞ்சை வேறு, அது உமிழ்ந்த நஞ்சு வேறு. இதை மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை உயிருள்ளது. ஈரம் வற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். நஞ்சோ ஒரு ரசாயனம், அதற்கு ஈரமும் வேண்டாம், உயிரும் வேண்டாம். பூஞ்சை செத்த பிறகும் பிண்ணாக்கிலேயே கிடக்கும். நிலக்கடலையில் அதிகம் வருவது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. அது சுரப்பது அஃப்ளடாக்சின். சமையல் சூட்டுக்கெல்லாம் அது அசையாது. உருகிச் சிதையவே 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் இரண்டு நாள் வெயில் பூஞ்சை மேலும் பரவுவதைத் தடுத்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே சுரந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

மேலே பச்சையாக இருந்ததை அள்ளிக் கொட்டியதும் பாதி வேலைதான். நமக்குக் கண்ணில் படுவது பூஞ்சையின் வித்துக்கள். அதன் இழைகள் அதற்கு முன்பே உள்ளே ஓடியிருக்கும். நனைந்த மூட்டை ஒன்றை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மேல்பகுதி குளிர்ந்து உதிரியாக இருக்கும். நடுவில் கை போகப் போக வெதுவெதுப்பு தட்டும். விரலில் சின்னச் சின்னக் கட்டிகள் அகப்படும். அழுத்தினால் உடையும், உடைந்த இடத்திலிருந்து ஒரு மக்கல் வாடை. அந்தச் சூடு வெயிலில் வந்ததில்லை, பூஞ்சை மூச்சு விட்டதில் வந்த சூடு. நான் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் மாட்டைப் பார்ப்பதற்கு முன் மூட்டைக்குள் கை விடுவது வழக்கம். மாட்டுக்காரர்கள் சிலருக்கு அது பிடிப்பதில்லை, ‘டாக்டர் மாட்டைப் பார்க்காமல் மூட்டையைத் துழாவுகிறார்’ என்பார்கள். பரவாயில்லை.

ஆனால் கையும் மூக்கும் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. பச்சை பூத்த தீவனத்தில் நஞ்சே இல்லாமல் இருக்கலாம். எல்லாப் பூஞ்சையும் நஞ்சு சுரப்பதில்லை. பார்வைக்குப் பளிச்சென்றிருக்கும் தீவனத்தில் நிறைய இருக்கலாம், ஏனென்றால் பயிர் நிலத்தில் வறட்சியில் வாடும்போதே காய்க்குள் பூஞ்சை புகுந்துவிடும். அளவும் அப்படி. கறவை மாட்டுத் தீவனத்தில் அமெரிக்கா விதித்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 1000 டன் தீவனத்தில் 20 கிராம் என்று கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கி, கறவைக் கலப்புத் தீவனத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. இவ்வளவு நுணுக்கமான அளவை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே கடலைப் பிண்ணாக்கால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. நோய்க்குப் பெயர்கூட வைக்க முடியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கிருமியைத் தேடித் தேடி, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்குப் பெயர் எடுத்தார்கள். புறஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்த வகைக்கு, நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘பி’. அந்தத் தீவனம் தின்ற பசுவின் பாலிலும் நஞ்சு வருவதைக் கண்டபோது, பாலுக்குரிய முதலெழுத்தில் ‘எம்’. ஆக, எம்1 என்ற பெயருக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நடப்பது இதுதான். பிண்ணாக்கில் இருக்கும் அஃப்ளடாக்சின் பி1 குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை வெளியேற்றப் பார்க்கும்போது ஒரு பகுதியை எம்1 ஆக மாற்றுகிறது. அது மடிவழியே பாலில் இறங்குகிறது. தின்ற 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். தின்றதில் சுமார் 1 முதல் 2 சதவீதம் பாலுக்கு வரும், நிறையக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூட. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிண்ணாக்கில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த கடலைப் பிண்ணாக்கில் இது பெரிய அளவே இல்லை. ஒரு மாடு நாளுக்கு நாலு கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. 2 சதவீதம் என்றால் 8 மைக்ரோகிராம் பாலில் வருகிறது. பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த வரம்பு 0.5, இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதேதான். ஐரோப்பாவில் 0.05. மாடு தின்னுகிறது, அசைபோடுகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பால் மட்டும் வரம்பைத் தாண்டிவிட்டது. எம்1, பி1 அளவுக்கு வீரியமானது இல்லை, பத்தில் ஒரு பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அஃப்ளடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. தீவனத்தை நிறுத்திய மூன்று நாலு நாளில் பாலில் எம்1 ஏறத்தாழ வடிந்துவிடும். ஐந்தாம் நாள் இன்னொரு மாதிரி எடுத்து, ஃப்ரீசரில் இருப்பதையும் இதையும் சேர்த்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பாலைத் தனியாக ஊற்றுகிறவராக இருந்தால், வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அந்த ஐந்து நாள் பாலை நிறுத்திவைப்பதுதான் நியாயம். நல்ல பாலோடு கலந்து சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம்.

இனி மாட்டைப் பார்ப்போம்.

அசைபோடும் பிராணி எதையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அரை உண்மை. பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில நஞ்சுகளை உடைத்துப்போடும். ஒக்ராடாக்சின் என்ற நஞ்சு பன்றியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டின் பெருவயிற்றிலோ பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். மக்காச்சோளத்தில் வரும் ஸியரலெனோன் என்ற நஞ்சின் கதை நேர்மாறு. பெருவயிற்றில் அதன் ஒரு பகுதி இன்னும் வீரியமான ஒன்றாக மாறுகிறது. பெண்மை ஹார்மோன் மாதிரியே நடிக்கும். இளம் கிடேரிக்குப் பருவம் வராமலே பிறப்புறுப்பு வீங்கும், மடி திரளும். கறவைகள் ஊசி போட்டும் சினை நிற்காது. அஃப்ளடாக்சினோ பெருவயிற்றைப் பெரிய சேதாரமில்லாமல் தாண்டிவிடும். அதோடு, நிறையக் கறக்கும் மாட்டில் தீவனம் பெருவயிற்றில் நிற்கும் நேரமே குறைவு. அடர்தீவனம் அதிகமாகி வயிறு புளித்திருந்தால் காவல்காக்கும் நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். உங்கள் மந்தையில் ஈன்று ஒரு மாதமான பசு முதலில் இளகியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் தின்பது போதாமல் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறக்கிறது. ஈரல் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கன்றுகளுக்கு இன்னும் மோசம். பெருவயிறே வளர்ந்திருக்காது, காவலுக்கு ஆளே இல்லை.

பால் குறைந்ததற்கு நஞ்சு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பூஞ்சை முதலில் தின்பது பிண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் மாவுச்சத்தையும்தான். நீங்கள் நாலு கிலோ அளந்து போட்டிருந்தாலும், மாட்டுக்குப் போனது அதைவிடக் குறைவான சத்து. அதிலும் மாடு மோந்துவிட்டு நிற்கிறது. குறைந்த பாலில் ஒரு பங்கை, வாடை பிடிக்காமல் ஒதுக்கியதே தின்றிருக்கும். மாட்டின் மூக்கை நம்புங்கள். பசியோடு இருக்கும் மாடு தொட்டியில் வாய் வைக்கவில்லை என்றால் அது அடம் இல்லை.

வெளியே தெரியாமல் நடக்கும் கெடுதல் ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தி குறையும். தடுப்பூசி போட்டும் நோய் வந்தது, மடிநோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறது, காயம் ஆறவில்லை என்று தனித்தனியாகப் புகார் வரும் மந்தைகளில் நான் தீவன அறையைக் கேட்பது இதனால்தான். அடுத்த ஒரு மாதத்தில் தடுப்பூசி ஏதாவது போட வேண்டியிருந்தால் தேதியை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அப்புறம், அந்தக் கன்று வீச்சு. இங்கேதான் நான் உங்களைச் சுற்றி இருப்பவர்களோடு மாறுபடுகிறேன்.

‘எல்லாம் பூஞ்சை’ என்று சொல்வது சுலபம். பூஞ்சை பிடித்த தீவனத்தால் கன்று வீசுவதும் உண்டு. பெரும்பாலும் சினையின் பின்பாதியில்தான் நடக்கும். அது நஞ்சால் மட்டும் அல்ல, பூஞ்சையே ரத்தத்தில் புகுந்து நஞ்சுக்கொடியில் தங்குவதாலும் வரும். அப்போது நஞ்சுக்கொடி தடித்து, ஊறின தோல் மாதிரி இருக்கும். ஆனால் ஏழாம் மாதத்தில் கன்று வீசினால் நான் முதலில் நினைப்பது புருசெல்லோசிஸ், புருசெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நோய். அது மனிதருக்கும் தொற்றும், பாலிலும் வரும். பூஞ்சை மேல் பழியைப் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால் மந்தையும் போகும், வீட்டில் விட்டு விட்டுக் காய்ச்சலும் வரும். அந்தப் பசுவின் ரத்தத்தை இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்திருந்தால் அதையும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பசு தனிக் கட்டுத்தறியில் இருக்கட்டும். அதன் பாலைத் தனியே கறந்து கொட்டிவிடுங்கள்.

இளகிய சாணிக்கும் அப்படியே. குடற்புழு, வயிற்றுப் புளிப்பு, தீவனத்தைச் சட்டென்று மாற்றியது என்று நாலைந்து காரணம் இருக்கிறது. ஒரே ஒரு மாட்டுக்கு மட்டும் என்றால் அந்த மாட்டில் தேடு, ஒரே தொட்டியில் தின்னும் நாலு மாட்டுக்கும் என்றால் தொட்டியில் தேடு என்பது நாங்கள் பழகிய கணக்கு. பால் குறைந்தது எட்டிலும் என்கிறீர்கள். அதனால்தான் தீவனத்தின் மேல் என் சந்தேகம் வலுவாக இருக்கிறது.

தீவனத்தைச் சோதிப்பதில் ஒரு சிக்கல். நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒரு கைப்பிடியில் கொட்டிக் கிடக்கும், பக்கத்துக் கைப்பிடியில் ஒன்றும் இருக்காது. ஒரு பிடி அள்ளி அனுப்பி ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, எல்லாவற்றையும் பொடித்து நன்றாகக் கலந்து, பரப்பி நாலாகப் பிரித்து, அதில் ஒரு பங்கிலிருந்து ஒரு கிலோ அனுப்ப வேண்டும். காகிதப் பையில் கட்டுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்து, போகிற வழியிலேயே பூஞ்சை வளர்ந்துவிடும். இதனால்தான் பாலை முதலில் எடுக்கச் சொன்னேன். எட்டு மாடும் அத்தனை மூட்டையையும் தின்று, கலந்து, ஒரே பாத்திரத்தில் கறந்து கொடுத்திருக்கின்றன. அதைவிட நல்ல மாதிரியை நம்மால் எடுக்க முடியாது. ஆனால் பால் அஃப்ளடாக்சினை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மற்ற நஞ்சுகளுக்குத் தீவனத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

டாக்சின் பைண்டர் பற்றி. பெரும்பாலும் அது ஒரு வகைக் களிமண், பென்டோனைட் மாதிரி. அஃப்ளடாக்சின் மூலக்கூறு தட்டையானது, களிமண் அடுக்குகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும்; குடல் உறிஞ்சாமல் சாணியோடு போய்விடும். பாலில் வரும் எம்1 குறைவது உண்மைதான். ஆனால் ‘குறையும்’ என்றேன், ‘இல்லாமல் போகும்’ என்று சொல்லவில்லை. மக்காச்சோளத்திலும் வைக்கோலிலும் வரும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வகையின் நஞ்சுகளைக் களிமண் அவ்வளவாகப் பிடிக்காது. ஸியரலெனோனுக்கு ஈஸ்ட் செல்சுவர் சேர்த்த வகை ஓரளவு உதவும். எல்லா நஞ்சையும் பிடிக்கும் என்று பையில் அச்சடித்திருந்தால் நான் அந்தப் பையை நம்பமாட்டேன். நல்ல தீவனம் கிடைக்கவே கிடைக்காத நாட்களில், சந்தேகமான தீவனத்துக்கு ஒரு கூடுதல் காவலாகப் போடலாம். கெட்டது என்று தெரிந்த பிண்ணாக்கில் இதைக் கலந்து தின்னக் கொடுப்பது ஓட்டைப் படகில் ஏறிக்கொண்டு தண்ணீர் இறைக்கிற வேலை. உள்ளே ஏற்கெனவே போய்விட்ட நஞ்சுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதற்கு முறிமருந்தும் கிடையாது. நல்ல தீவனம், நல்ல தண்ணீர், தாது உப்பு, வைட்டமின் ஈ, கொஞ்சம் பொறுமை. ஈரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், சில வாரம் பிடிக்கும். பால் பழைய அளவுக்கு முழுசாக ஏறாமலும் போகலாம், ஈன்று பல மாதம் ஆன மாடுகளில் முக்கியமாக.

கெட்ட பிண்ணாக்கை ஒரே நாளில் நிறுத்துங்கள், ஆனால் புதிய அடர்தீவனத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஏழெட்டு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். இடையில் நல்ல காய்ந்த தீவனமும் பசுந்தீவனமும் வயிறு நிறையக் கிடக்கட்டும். வைக்கோலும் நனைந்திருந்தால் அதையும் பாருங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோலால் எருமைகளுக்குக் கால் வீங்கி, காது நுனியும் வால் நுனியும் கறுத்துக் காய்ந்து உதிரும். டெக்னாலா நோய் என்று பெயர், பஞ்சாபில் ஓர் ஓடைக்கரையில் முதலில் கண்டதால் வந்தது.

மிச்ச மூட்டைகள்? கோழிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வான்கோழிக் கதையைப் படித்த பிறகு நீங்களே சொல்லியிருப்பீர்கள். பறவைகள் மாட்டைவிடப் பலமடங்கு தாங்காதவை, வாத்து இன்னும் மோசம். கறக்காத மாட்டுக்கும் வேண்டாம், உங்கள் கறக்காத மாடுகளில் பாதி சினையாகத்தானே இருக்கும். ஆடு, நாய், மீன் எதற்கும் வேண்டாம். எருக்குழியில் போட்டு மண்ணால் நன்றாக மூடிவிடுங்கள், மாடும் கோழியும் கிளறாத இடமாகப் பார்த்து. மூட்டையை அவிழ்த்து உதறும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி, குழந்தையைக் கிட்டே விடாதீர்கள். தொட்டிகளைச் சுரண்டிக் கழுவி வெயிலில் விடுங்கள். மூலையில் ஒட்டியிருக்கும் பழைய பசைதான் புதுத் தீவனத்துக்கு உறை ஊற்றும்.

இனி வாங்கும் மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்ட வேண்டாம். தரையும் சுவரும் ஈரம் கக்கும். தானியத்தில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது, பிண்ணாக்கில் இன்னும் குறைவாக இருப்பது நல்லது. இரண்டு மாதச் சரக்கை மொத்தமாக வாங்குவதில் மிச்சம் பிடிப்பது மழைக்காலத்தில் வேண்டாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு கிலோவை எடுத்துக் காகிதப் பையில் கட்டி, தேதி போட்டு, காய்ந்த இடத்தில் ஒரு மாதம் வைத்திருங்கள். பிரச்சினை வந்தால் எந்த மூட்டை என்று தேட வேண்டியிராது. அப்புறம் அந்தக் கூரை. ஒழுகின இடத்தை அடைத்தாயிற்றா என்று கடிதத்தில் எழுதவில்லையே.

பால் மாதிரிகளின் முடிவும் அந்தப் பசுவின் ரத்த முடிவும் கையில் கிடைத்ததும் இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ரத்தத்தில் புருசெல்லா என்று வந்தால் எனக்கு எழுதக் காத்திருக்காமல் அன்றைக்கே உள்ளூர் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மற்ற ஏழு மாட்டுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள்.